நீயாகத்தான் வந்தாயா?

செங்கல் சூளையில் இருந்து கொத்தடிமைகள் மீட்பு என்று நம் திருவள்ளூர் மாவட்டச் செய்தி அவ்வப்போது பேப்பரில் வரும். படத்தில் ஒரு வேன், தலையில் மூட்டையோடு சில பெண்கள், நடுவில் கோட்டாட்சியர். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும். வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்த எனக்கு, படத்தில் இல்லாத ஒருவர் நினைவுக்கு வருவார். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து வாக்குமூலம் எழுதிய எழுத்தர். அந்த வாக்குமூலத்தில் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்துமாக் கடலில் ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு. பழைய பெயர் புர்போன். 1848 டிசம்பர் 20-ல் அங்கே அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார்கள். 60,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் சுதந்திர மனிதர்கள் ஆனார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் நின்றது. இப்படிப் போனவனுக்குப் பிரெஞ்சில் 'அங்காழே' என்று பெயர். ஒப்பந்தத்தில் கட்டுண்டவன் என்று பொருள். அடிமை என்ற சொல் போய் இந்தச் சொல் வந்தது. அந்த நூற்றாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருந்து அந்தத் தீவுக்குப் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழர்கள். ஆனால் அங்கே இன்றைக்கும் அவர்களுக்குப் பெயர் 'மலபார்'!

காரைக்கால் சின்ன ஊர். கப்பலை நிரப்ப அங்கே ஆள் ஏது? சுற்றியிருந்த தஞ்சாவூர்ச் சீமையில் இருந்தும், இன்னும் தூரத்தில் இருந்தும் ஆள் பிடித்து வந்தார்கள். பிடித்தவனுக்கு 'மேஸ்திரி' என்று பெயர். பிரெஞ்சுக் காகிதங்களிலும் இதே சொல்தான். கையில் கொஞ்சம் முன்பணம், வாயில் நிறையப் பொய். தங்கள் பிரஜைகளைக் கொண்டுபோகிறார்கள் என்று ஆங்கிலேயர் முறையிட்டார்கள். அவர்களும் இதே காலத்தில் மொரீஷியசுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியில் 1861 ஜூலை 1-ல் இரண்டு அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆள் ஏற்றும் பிரெஞ்சுத் துறைமுகத்தில் ஆங்கிலேய அரசின் ஏஜெண்டு ஒருவர் இருப்பார். கப்பல் ஏறுகிறவனை அவர் விசாரிக்க வேண்டும். சம்மதித்துத்தான் போகிறாயா, ஒப்பந்தத்தில் இருப்பது தெரியுமா, யாராவது ஏமாற்றினார்களா? ஆங்கிலேயரின் சொந்தத் துறைமுகங்களிலும் 1837 சட்டத்தின்படி, போகிறவன் ஓர் அதிகாரி முன்னால் ஒப்பந்தத்தோடு வந்து நிற்க வேண்டும் என்று இருந்தது. ஆள் கடத்தலைத் தடுக்க ஓர் அலுவலகம், ஒரு மேஜை, ஒரு பதிவேடு என்ற ஏற்பாடு நம் பக்கத்தில் இப்படித்தான் வந்தது.

குறை சொல்ல முடியாத கேள்விகள்தான். ஆனால் பதில் சொல்பவன் நிலையை யோசியுங்கள். டெப்போவில் பல நாள் சோறு தின்றவன். முன்பணம் வீட்டில் செலவாகிவிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று மேஸ்திரி பாடம் சொல்லியிருப்பான். "ஆமாங்க, நானாத்தான் போறேன்" என்பான். பதிவேட்டில் ஏறிவிடும். தீவில் அவர்கள் பட்ட பாட்டை விசாரிக்க 1877-ல் கோல்ட்ஸ்மிட் என்ற ஆங்கிலேயரும் மியோ என்ற பிரெஞ்சுக்காரரும் போனார்கள். 1882-ல் இந்திய அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. சம்மதம் கேட்டு முத்திரை குத்திய காகிதங்கள் அத்தனையும் சட்டப்படி சரியாகவே இருந்தன.

உள்நாட்டில் என்ன நடந்தது? அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்று 1843-ல் சட்டம் வந்தது. பண்ணையாளும் படியாளும் அப்படியேதான் இருந்தார்கள். கடன் என்ற கயிறு போதுமானதாக இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், இருபது அம்சத் திட்டத்தில் ஒன்றாக, 1975 அக்டோபரில் அவசரச் சட்டமும் பிறகு 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தன. அந்த நாட்களைப் பற்றி நம் வயதுக்காரர்களுக்கு ஆளுக்கொரு கருத்து இருக்கும். எனக்கும் உண்டு. ஆனாலும் இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குக் கிராமம் தெரிந்திருந்தது என்றே சொல்வேன்.

அதில் சம்மதத்தைப் பற்றிய கேள்வி முக்கியமே இல்லை. முன்பணம் வாங்கினாயா? அதற்காக வேலை செய்கிறாயா? வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியுமா? ஊருக்குப் போய்வர முடியுமா? குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா? இவைதான் கேள்விகள். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவன் தலையில்தான். 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலை வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். பசியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைக்கு ஒத்துக்கொண்டால் அதுவும் கட்டாய வேலைதான் என்றார். மறு வருஷம் பரீதாபாத் கல்குவாரி வழக்கில், கட்டாய வேலை என்று தெரிந்தாலே முன்பணம் இருப்பதாக அனுமானிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. காரைக்கால் மேஜையில் கேட்ட கேள்வியை இந்த இரண்டு தீர்ப்புகளும் தலைகீழாக்கிவிட்டன.

இந்த வித்தியாசத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த ஊர் என்று வேண்டாம். சவுக்கு வெட்டும் இடத்தில் இருந்து ஓர் இருளர் குடும்பத்தை அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். அந்தப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, "நானாத்தான் வந்தேன் சாமி, யாரும் இழுத்துட்டு வரல" என்றார். விசாரித்த அதிகாரி அதை எழுதச் சொல்லிவிட்டு விஷயத்தை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மரம் வெட்டுகிற முதலாளியையும் அவர் ஆட்களையும் வெளியே போய் மரத்தடியில் உட்காரச் சொன்னார். பெரியவருக்கு ஒரு டீ வரவழைத்தார்.

"முதலாளி எவ்வளவு குடுத்தாரு?"

"மக கல்யாணத்துக்குப் பதினஞ்சாயிரம், சாமி."

"எவ்வளவு கழிஞ்சுது?"

"அது அவருக்குத்தான் தெரியும்."

"திருவிழாவுக்கு ஊருக்குப் போவீங்களா?"

"போலாம். புள்ளைங்கள இங்க விட்டுட்டுப் போவணும்."

பிள்ளைகள் அடமானம். அதற்கு மேல் என்ன எழுத வேண்டும்?

இந்த வேலையில் அலுவலகம் செய்யும் ஏற்பாடு இவ்வளவுதான். புகார் வந்ததும் கலெக்டரோ கோட்டாட்சியரோ வருவாய், தொழிலாளர் துறை, போலீஸ் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நேரில் போக வேண்டும். தொழிலாளிகளை முதலாளி கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுவந்து தனித்தனியாக விசாரிக்க வேண்டும். மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் விழிப்புணர்வுக் குழு உண்டு. கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு விடுதலைச் சான்று கொடுப்பார். அரைப் பக்கம் கூட இருக்காது. ஆனால் அந்தக் கடன் இனி செல்லாது என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். சான்று கொடுக்காமல் பஸ் ஏற்றி அனுப்பினால், வேலையை விட்டுப் போனவன் என்றுதான் கணக்கு. கடன் அப்படியே நிற்கும்.

நம் மாவட்டத்துச் சூளைகளுக்கு வருகிறவர்களில் பலர் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்து ஆட்கள். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் இருளர்கள். நம் திருத்தணி எல்லையில் இன்னொரு சங்கடம். முன்பணம் ஆந்திராவில் கொடுத்திருப்பார்கள், வேலை இங்கே நடக்கும். (1960 ஏப்ரல் வரை நாமே சித்தூர் மாவட்டம்தான்.) ஒரே விஷயத்துக்கு இரண்டு மாநிலத்தில் கோப்பு. இங்கிருந்து எழுதும் கடிதம் அந்த மாவட்டக் கலெக்டருக்குப் போய், அவர் தாசில்தாருக்கு அனுப்பி, அவர் கிராமத்துக்கு அனுப்பி... எழுத்தராக இருந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் கொத்தடிமையே இல்லை என்று அரசு சொல்லி வந்த காலமும் உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 1995-ல் பத்து லட்சத்துக்கு மேல் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. எண்ணிக்கையில் தகராறு வரலாம். எண்ணவே மறுத்தது எனக்கு ஒப்பவில்லை.

மறுவாழ்வுப் பணம் 1978-ல் 4,000 ரூபாயில் தொடங்கியது. 2016 திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள் கடத்தல் போன்ற கொடுமைக்கு 3 லட்சம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுத் தொகையும் முதலாளி தண்டிக்கப்பட்ட பிறகுதான். உடனே கிடைப்பது முதலில் 20,000, இப்போது 30,000. தண்டனைக்கு எத்தனை வாய்தா ஆகும் என்பது கோர்ட்டுப் படியேறியவர்களுக்குத் தெரியும். அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? தண்டனையையும் பணத்தையும் ஒரே முடிச்சில் போட்டது தவறு என்பது என் அபிப்பிராயம். அதை மாற்ற ஓர் அரசாணை போதும்.

உடனடித் தொகையாவது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். பலாங்கீர் பக்கத்தில் ஆவணி, புரட்டாசி வாக்கில் புது நெல் படைக்கும் நுவாகாய் பண்டிகை வரும். வீட்டில் பணம் இல்லாத அந்தச் சமயத்தில்தான் அடுத்த சூளைப் பருவத்துக்கான முன்பணத்தோடு ஆள் பிடிப்பவன் வாசலில் நிற்பான். மீட்பு நடப்பது பெரும்பாலும் தை முதல் வைகாசிக்குள். எழுத்தர் மேஜையில் இருக்கும் கோப்புக்கு அந்த நடுவில் உள்ள சில மாதங்கள்தான் அவகாசம்.