மல்லாட்டை ஆய்தல்

மல்லாட்டை ஆய்தல் என்பது, பிடுங்கிய வேர்க்கடலைச் செடியிலிருந்து காய்களைக் கையால் பறித்தெடுக்கும், பலர் கூடிச் செய்யும் அறுவடைப் பணி. திருக்கழுக்குன்றம் உள்ளிட்ட வடதமிழகப் பகுதிகளில் வேர்க்கடலை மல்லாட்டை எனப்படும். மத்தியதரைக் கடல் நாடுகளில் எண்ணெய்க்காக ஆலிவ் பறிக்கக் குடும்பத்தாரும் நண்பர்களும் தோப்பில் கூடுவதைப் போன்று, இங்கு இந்த எண்ணெய் வித்தே உறவினரைக் கழனியில் கூட்டுகிறது. மார்கழிப் பட்டத்தில் இறவையாக, அதாவது கிணற்றுப் பாசனத்தில், விதைத்த பயிர் ஏறத்தாழ 105 நாளில் முற்றுவதால், திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயிலின் சித்திரைப் பெருவிழாவை ஒட்டி வெளியூரிலிருந்து வருவோரும் இதில் கை கொடுக்க வாய்ப்புண்டு. அடியிலைகள் மஞ்சளித்து, ஓட்டின் உட்புறத்தில் கருமை படர்ந்தால் காய் முற்றியதெனக் கொண்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடியைப் பிடுங்குவர்; மண் இறுகிவிட்டால் காம்பு அறுந்து காய் நிலத்திலேயே தங்கிவிடும், அதைக் கொத்திப் பொறுக்குவது தனி வேலையாகிவிடும். ஆய்வோருக்குப் பணத்துக்குப் பதிலாக, அவர்கள் ஆய்ந்த காயிலேயே ஒரு பங்கை அளந்து கூலியாகத் தரும் பழைய முறை, உழைப்பையும் விளைவையும் நேராகப் பிணைத்த சிறந்த ஏற்பாடாகும். ஆய்ந்த காயை நன்கு உலர்த்தாவிடில் அஃப்ளடாக்சின் என்னும் பூசண நஞ்சு அதில் உருவாகக்கூடும் என்பதால், களத்தில் பரப்பிக் காயவைத்த பின்னரே, எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் கொண்ட பருப்பைச் செக்குக்கு அனுப்புவர்.