எங்க பாங்க்ல இல்லாத கிரெடிட்

கவுண்டரில் கூட்டம் வடிந்த மதிய நேரம். தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் இட்லி மாவு வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என் மேஜைக்கு வந்து மொபைலை நீட்டினார்.

"சார், இது உங்க பாங்க்லதான இருக்கு?"

பார்த்தால் 'அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ்'. அவர் மகள் திருநெல்வேலியில் ஆச்சி வீட்டிலிருந்து பி.காம். முதல் வருடம் முடித்திருக்கிறாள். ஆச்சி தவறிவிட்டார்கள். இனி அங்கே தனியாக இருக்க முடியாது, இரண்டாம் வருடத்தை இங்கே தொடர வேண்டும்.

"மார்க்கெல்லாம் இந்த பாங்க்ல கெடக்காம் சார். அத எடுத்து இங்க உள்ள காலேஜ்ல போட்டா ஆச்சுல்லா? நம்ம ஆர்.டி.ஜி.எஸ். மாதிரி?"

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

1999-இல் நானும் இதே மாதிரிதான் வந்து இறங்கினேன். ஊரில் பி.காம். முதல் வருடம் பாஸ், கையில் டி.சி., மார்க் ஷீட். கல்லூரி ஆபீசில் இருந்தவர் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஹே காய் ஆஹே?" என்றார். விரல் 'பார்ட் ஒன் தமிழ்' மேல் இருந்தது. அது இங்கே எந்தப் பாடத்துக்குச் சமம்? எதற்கும் சமமில்லை. இங்கே முதல் வருடத்தில் இருக்கும் ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்னிடம் இல்லை. கணிதம்-புள்ளியியல் பேப்பரும் இல்லை. மைக்ரேஷன் சர்டிபிகேட் வேறு ஊரிலிருந்து வந்து சேரவில்லை. கடைசியில் முதல் வருடத்தையே மறுபடி படித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருட ஃபீஸை மட்டும் இரண்டாவது தடவை கட்டினார். (கல்லூரி பெயர் வேண்டாம், அவர்கள் ரூல்படிதான் செய்தார்கள்.)

அந்த ரூல் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு அவ்வப்போது தேடிப் படித்ததில் தெரிந்தது இது.

1857-இல் ஒரே வருடத்தில் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று பல்கலைக்கழகங்களும் பிறந்தன. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலை பாடம் நடத்தாது, பரீட்சை மட்டும் வைக்கும். நம்முடையதும் அப்படியே. கல்லூரி சொல்லிக் கொடுக்கும். பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போடும், பரீட்சை வைக்கும், பட்டம் தரும். பரீட்சைதான் சரக்கு என்றான பிறகு அடுத்த கடைக்காரன் வைத்த பரீட்சையை எவன் ஒத்துக்கொள்வான்? மெட்ராஸில் பி.ஏ.வுக்கு முன்னால் எஃப்.ஏ. என்றால், பம்பாயில் 'ப்ரீவியஸ்' என்று தனி வழி. 1904-ஆம் வருட சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கும் எல்லைக்கோடு போடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. நம்ம போலீஸ் ஸ்டேஷன் லிமிட் மாதிரி.

இந்த விதிகளுக்கு அடிபட்டவர்களில் பெரிய பெயர் நம்ம ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் ஸ்காலர்ஷிப்போடு எஃப்.ஏ. சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைத் தொடாததால் ஸ்காலர்ஷிப் போயிற்று. பிறகு கல்லூரி மாறி சென்னை பச்சையப்பன். 1907-இல் மறுபடி ஃபெயில். கணக்கில் எவ்வளவு வாங்கினாலும் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது விதி. 1912-இல் போர்ட் டிரஸ்ட் அக்கவுண்ட்ஸ் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் ஆனார் (அந்த வகையில் எங்கள் ஜாதி :-)). 1913-இல் அதே மெட்ராஸ் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜ் அவருக்காக நுழைவு விதிகளைத் தளர்த்தியது. 1916-இல் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் கிடைத்தது. ஆக, விதி வளையும். ஆனால் வளைப்பதற்கு ஹார்டி மாதிரி ஒருத்தர் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். என் போன்ற பார்ட் ஒன் தமிழ் கேஸ்களுக்கு யார் நிற்பார்கள்?

நடுவில் பாலம் போடும் முயற்சியும் நடந்தது. 1924 சிம்லா மாநாட்டுக்குப் பிறகு 1925-இல் இன்டர் யுனிவர்சிட்டி போர்டு வந்தது. ஒருவர் பட்டத்தை இன்னொருவர் ஏற்பது அதன் வேலைகளில் ஒன்று. (1973 முதல் அதன் பெயர் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்.) ஆனால் அது முழுப் பட்டத்துக்கு. பாதியில் நிற்கிறவனுக்கு?

இன்னொரு வேடிக்கை. திருநெல்வேலிப் பையனுக்கு ஒரு காலத்தில் மெட்ராஸ் பல்கலைதான். 1966-இல் மதுரை வந்தது, 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார். வீட்டுக்கு அருகில் பல்கலை வருவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாடத்திட்டம் போட்டதில், முன்பு ஒரே வீடாக இருந்த இடத்தில் நாலு சுவர் எழும்பிவிட்டது.

இனி கிரெடிட் கதை. படிப்பை மணிக்கணக்கில் அளக்கும் பழக்கம் அமெரிக்காவுடையது. 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி, பேராசிரியர்களுக்கு பென்ஷன் கொடுக்க ஒரு அறக்கட்டளை வைத்தார். எந்தக் கல்லூரி தகுதியானது என்று பார்க்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பள்ளியில் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம் ஒரு 'யூனிட்' என்று வைத்தார்கள். பென்ஷன் வேண்டுமே, எல்லோரும் அதற்குள் வந்தார்கள்! படிப்பின் அளவுகோல் ஒரு பென்ஷன் ஸ்கீமின் உபயத்தில் பரவியது என்பது பாங்க்காரனான எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

மும்பை பல்கலைக்கு கிரெடிட் முறை 2011-12-இல் வந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2021 ஜூலையில் யு.ஜி.சி. இந்த கிரெடிட் பாங்க் விதிகளை அறிவித்தது. விதிகளைப் படித்தால் யாரோ எங்கள் ஆள் எழுதியது போலவே இருக்கிறது. கணக்கு மாணவன் பெயரில். ஆனால் மாணவன் தானே டெபாசிட் செய்ய முடியாது, கல்வி நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். ஒரு பட்டத்துக்காக எடுத்த கிரெடிட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. அதிகபட்ச ஆயுள் ஏழு வருடம். பட்டம் தரும் இடத்தில் குறைந்தது பாதி கிரெடிட் சம்பாதித்திருக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு இதைத்தான் விளக்கினேன். "அண்ணாச்சி, பணம்னா நூறு ரூபா எங்க போனாலும் நூறு ரூபா. இது அப்படி இல்ல. அங்க போட்டது கணக்குல இருக்கும். ஆனா இங்க எந்தப் பாடத்துக்கு ஈடுன்னு சேர்ற காலேஜும் யுனிவர்சிட்டியும்தான் சொல்லணும்."

"அப்போ செக்கு மாதிரி. அவன் பாஸ் பண்ணணும்."

அதேதான். என்னை விட நன்றாகச் சொல்லிவிட்டார்.

ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தேன்: கிரெடிட் கணக்கில் இரண்டு செமஸ்டரும் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டி.சி., மைக்ரேஷன் சர்டிபிகேட், மார்க் ஷீட். எல்லாவற்றையும் விட முக்கியம், முதல் வருட சிலபஸ் முழுவதும் கல்லூரி முத்திரையோடு. சிலபஸ் கையில் இருந்தால்தான் 'இந்த யூனிட் உங்கள் பேப்பரிலும் இருக்கிறதே' என்று வாதாட முடியும். 1999-இல் இது எனக்குத் தெரியாது. எந்தப் பேப்பரை இங்கே தனியாக எழுத வேண்டும் என்பதையும் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்க வேண்டும். கட்டணம் கட்டுவது அதற்குப் பிறகு.

அடுத்த வாரம் மகளையும் கூட்டி வந்தார். கெட்டிக்காரப் பெண். மாட்டுங்காவில் இரண்டு கல்லூரி, செம்பூரில் ஒன்று என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, பொருந்துகிற இடத்திலெல்லாம் பச்சை மையால் கோடு போட்டிருந்தாள். அக்கவுண்ட்ஸில் நிறைய பச்சை. தமிழ்ப் பேப்பருக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை.

"இத என்ன சார் பண்ண?" என்றாள்.

மார்க் எவ்வளவு என்று கேட்டேன். 91. அந்தப் பக்கத்தையும் கிழிக்காமல் சேர்த்தே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முத்திரை வாங்க அவள் சித்தப்பா பாளையங்கோட்டையில் அலைந்துகொண்டிருக்கிறார்.