ஆய்வுகூடத்துக் குருதியின் கணக்கு

2008 ஓகஸ்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அட்வான்ஸ்ட் செல் டெக்னாலஜி நிறுவனத்தில் ரொபர்ட் லான்சாவின் குழு, மனித முளையத்துத் தண்டுக்கலத்திலிருந்து, அதுதான் எல்லாரும் ஸ்டெம் செல் எண்டு சொல்றதிலிருந்து, செங்குழியங்களை வளர்த்துவிட்டதாம். இனிக் குருதி கொடுக்க ஆளே தேவைப்படாதோ எண்ட பேச்சும் கூடவே கிளம்பியது. நாங்கள் கலைப்பீடத்துக்காரர். உயிரியல் பரீட்சை எழுதினதில்லை. ஆனாலும் இந்தப் பேச்சு பிறகு என்னவானது எண்டு தேடிப் பார்த்தோம்.

கதை 1998இல் தொடங்குது. விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன், கருவள சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சி, பெற்றோர் சம்மதத்தோடு கொடுத்த முளையங்களிலிருந்து முதன்முதலாக இந்தக் கலங்களைப் பிரித்தெடுத்தார். அதற்காக முளையத்தை அழிக்க வேண்டியிருந்தது; சண்டை வந்தது. 2001 ஓகஸ்டில் ஜனாதிபதி புஷ், ஏற்கெனவே இருக்கிற கலவரிசைகளுக்கு மட்டும்தான் அரச பணம் எண்டுவிட்டார். 2009இல் ஒபாமா அதை நீக்கினார்.

உண்மையில் பெரிய இடைஞ்சல் அரசியல் இல்லை, செங்குழியமேதான். எங்கட உடம்பில் ஓடுற செங்குழியத்துக்குள் கரு இல்லை. எலும்பு மச்சையில் முதிரும்போது அது தன் கருவை வெளியே தள்ளிவிடும். கிண்ணத்தில் வளர்ந்த கலங்கள் இதைச் செய்யப் பஞ்சிப்பட்டன. லான்சாவின் குழு நல்ல நிலைமைகளில் பாதிக்கு மேற்பட்ட கலங்களைக் கருவை வெளியேற்ற வைத்தது, அது பெரிய வெற்றி. ஆனால் அவற்றுக்குள் இருந்த ஈமோகுளோபின் பெரும்பாலும் பிறக்காத பிள்ளையினுடைய வகை.

இன்னொண்டு, எண்ணிக்கை. ஆறு குழி கொண்ட ஒரு தட்டுக் கலத்திலிருந்து 1000 கோடி முதல் 10,000 கோடி வரை செங்குழியங்கள் கிடைத்தன. கேட்கப் பெரிசுதான். ஒரு பைக் குருதியில் கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி இருக்கும். அதாவது, எல்லாம் சரிவந்தாலும் பையில் இருபதில் ஒரு பங்கு. தலைப்புச் செய்திகள் இந்த வகுத்தலைச் செய்யவில்லை.

பிறகு பாதை திரும்பியது. 2011இல் பாரிஸில் லூக் டுவேயின் குழு, ஒரு தன்னார்வலரின் சொந்தத் தண்டுக்கலங்களிலிருந்து வளர்த்த 1000 கோடி செங்குழியங்களை அவருக்கே ஏற்றியது. இரண்டு மில்லிலீற்றர் அளவு, அவ்வளவுதான். முளையம் தேவைப்படவில்லை. 2022 நவம்பரில் பிரித்தானியாவில், ஆய்வுகூடத்தில் வளர்ந்த செங்குழியம் முதன்முதலாக வேறொருவருடைய உடம்புக்குள் போன செய்தி வெளியானது. ஏற்றியது 5 முதல் 10 மில்லிலீற்றர், ஒண்டிரண்டு தேக்கரண்டி. கிடைத்தற்கரிய குருதி வகைக்காரருக்கும், அடிக்கடி குருதி ஏற்றவேண்டிய நோயாளருக்கும்தான் முதலில் இதை யோசிக்கிறார்கள். எல்லாம் புதுக்கலங்கள் எண்டபடியால் கூட நாள் தாக்குப்பிடிக்கும் எண்ட எதிர்பார்ப்பு.

அந்தக் கலங்களை வளர்க்க மூண்டு கிழமை பிடித்தது. தொடக்கத்துக்குத் தேவைப்பட்ட தண்டுக்கலங்களை எடுத்தது, வழக்கம்போல் கையை நீட்டிக் குருதி கொடுத்த ஆக்களிட்ட இருந்து.