ஒரு பெர்மிட்டும் 167 உயிர்களும்

ரசாயன ஆலைப் பராமரிப்புப் பிரிவில் நான் இருந்த காலத்தில், புதிதாக வரும் பையன்களுக்கு 'பெர்மிட்' என்றாலே சலிப்புதான். ஒரு வால்வைக் கழற்றக்கூட படிவம், கையெழுத்து, அனுமதி. "எதுக்கு சார் இவ்வளவு பேப்பர்?" என்பார்கள். அவர்களுக்கு நான் பைப்பர் ஆல்பாவின் கதையைச் சொல்வேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பைப்பர் ஆல்பா என்பது வடகடலில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில் நின்ற எண்ணெய், எரிவாயு மேடை. 1988 ஜூலை 6 அன்று அதில் 226 பேர் இருந்தார்கள்.

எரிவாயுவிலிருந்து பிரியும், எளிதில் தீப்பற்றும் திரவத்தை அனுப்ப அங்கே இரண்டு பம்புகள். அன்று பகலில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்திருந்த குழாய் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். வால்வு வேலைக்கு ஒரு பெர்மிட். பம்பைப் பழுதுபார்க்க வேறொரு பெர்மிட். வால்வு கழற்றப்பட்ட செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை.

இரவு 9.45 மணி அளவில் இன்னொரு பம்பு நின்றுவிட்டது. பழுதுபார்ப்பு பெர்மிட்டைப் பார்த்தார்கள். அந்த வேலை இன்னும் தொடங்கவே இல்லை. சரி, முதல் பம்பை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வு இருந்த இடமோ பம்பின் அருகிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் வழியே திரவம் கசிந்தது. 10 மணிக்கு முதல் வெடிப்பு.

அங்கிருந்த தடுப்புச் சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டியவை, வெடிப்பைத் தாங்க அல்ல. கடலில் முக்குளிப்பவர்கள் உறிஞ்சப்பட்டுவிடக் கூடாது என்று தீயணைப்பு பம்புகள் தானாக ஓடாதபடி வைக்கப்பட்டிருந்தன. பைப்பர் எரிவது தெரிந்த பிறகும், அதே குழாய்த்தொடரில் இணைந்திருந்த மற்ற மேடைகள் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. ஹெலிகாப்டர் வரும் என்று தங்குமிடத்தில் காத்திருந்த பலர் புகையிலேயே மடிந்தார்கள். பிழைத்தவர்கள் 61 பேர். மீட்க வந்த இருவரையும் சேர்த்து இறந்தவர்கள் 167.

நீதிபதி கல்லன் பிரபு விசாரித்து, 1990 நவம்பரில் 106 பரிந்துரைகளைத் தந்தார். அனைத்தும் ஏற்கப்பட்டன. அதுவரை உற்பத்தியைக் கவனித்த எரிசக்தித் துறையே பாதுகாப்பையும் கண்காணித்து வந்தது. அந்தப் பொறுப்பு அதனிடமிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. விதிப்படி நடந்தோம் என்று சொன்னால் போதாது, தன் மேடையில் என்னென்ன ஆபத்துகள் உண்டு, அவற்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்பதை நிறுவனமே எழுதி நிரூபிக்க வேண்டும் என்ற முறை வந்தது.

பைப்பர் ஆல்பாவிலும் பெர்மிட் முறை இருந்தது என்பதைத்தான் நாம் மறக்கக் கூடாது. படிவம் எழுதப்பட்டது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஆலை வேலையில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: பாதியில் நிற்கும் வேலையை அடுத்த ஷிப்டுக்காரரிடம் தாளில் மட்டும் ஒப்படைக்க வேண்டாம். அவரை அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கைகாட்டிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.