டிங்கோவின் குரலும் ஆயுளும்

அவுஸ்திரேலியாக் கண்டத்துக் காட்டுநாயாகிய டிங்கோ குரைக்கமாட்டாது என்பது நெடுங்காலமாக வழங்கிவருங் கூற்று. இக்கூற்றின் மூலத்தைத் தேடிச் செல்வார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. ஆங்கிலேயர் சிட்னித் துறையிற் குடியேறியது 1788 ஆம் ஆண்டில். அக்குடியேற்றத்தின் தலைமை மருத்துவராய் இருந்த யோன் வைற் என்பாரின் நாட்குறிப்பு நூல் 1790 இல் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலில் விலங்குகள் சிலவற்றின் இயல்பை விவரித்தவர், புகழ்பெற்ற உடற்கூற்றறிஞர் யோன் ஹன்ரர். டிங்கோவுக்குக் குரைக்கும் ஆற்றல் உண்டென்றும், ஆயின் ஐரோப்பிய நாய்களைப்போல அது எளிதிற் குரைப்பதில்லை என்றும், உறுமல், ஊளை, முனகல் என்பவற்றில் ஏனைய நாய்களை ஒத்ததே என்றும் அவர் அன்றே எழுதிவிட்டார். 'எளிதில்' என்னும் ஒரு சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோக, அரையுண்மை முழுவுண்மையாய் உலவலாயிற்று.

ஹன்ரர் கூறியதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. டிங்கோ எழுப்பும் ஒலிகளிற் குரைப்பு ஏறத்தாழ 5 வீதமே. அதுவும் ஒற்றையொலியாய்ச் சட்டென முடிவது. வீட்டுநாய் விடாது தொடர்ந்து குரைப்பதுபோல டிங்கோ குரைப்பதில்லை. உறுமலே பெரும்பங்கு, ஏறக்குறைய 65 வீதம். தன் மேலாண்மையை நிலைநாட்டுதற்கும் தற்காப்பிற்கும் அது உறுமும். சில குரைப்புகளில் தொடங்கி ஊளையாய் ஏறித் தாழும் கலப்பொலி ஒன்றும் உண்டு. குட்டிகளையும் கூட்டத்தையும் எச்சரிக்க அது பயன்படுகின்றது. ஊளையோ தூரத்து உறவினர்க்கு விடுக்குஞ் செய்தி. இனப்பெருக்கக் காலத்திலும், இரை அருகிக் கூட்டம் சிதறித் திரியுங் காலத்திலும் அது மிகுதியாகக் கேட்கும். இராக்காலத்தில் தனித்த மந்தைக் காவலர் காதில் விழுந்தது பெரும்பாலும் இந்த ஊளையே. குரைப்பு மனிதனுக்குப் பழகிய ஒலி, ஊளை பழகாத ஒலி. குரையா நாய் என்ற பெயர் நிலைத்தமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகலாம்.

ஆங்கிலேயருக்கு நெடுங்காலம் முன்னரே அம்மண்ணின் ஆதிக்குடிகள் இவ்விலங்கோடு வாழ்ந்தனர். டிங்கோ என்ற பெயரே சிட்னிப் பகுதி மக்களின் மொழியினின்றும் பெறப்பட்டது. கடல்வழியாக மனிதரோடு வந்த இவ்விலங்கு, தஸ்மேனியாத் தீவிற் காணப்படவில்லை. அது வருமுன்னரே கடல் உயர்ந்து தீவைப் பிரித்துவிட்டது. தென்பகுதி நல்லார்போர் சமவெளியிலுள்ள மதுரா குகையிற் கிடைத்த எலும்புகள் 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என 2018 இல் அறியப்பட்டது. ஆதிக்குடிகள் குட்டிகளை வளையினின்றும் எடுத்து வளர்ப்பர். வளர்ந்த விலங்குகள் பல மீண்டும் காட்டுக்குச் செல்லும்.

ஆயுளைப் பற்றிய செய்தி இங்குப் பொருளுடையதாகின்றது. காட்டில் வாழும் டிங்கோவின் ஆயுள் பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளே. 7 அல்லது 8 ஆண்டுகளைக் கடப்பவை சில. அடைத்து வளர்க்கப்படுவனவோ 14 முதல் 16 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. சிட்னிக்குத் தெற்கேயுள்ள குரக்குராங் பாறைக்குகையில் ஆதிக்குடிகள் புதைத்த டிங்கோக்களை ஆராய்ந்தோர் 2023 இல் வெளியிட்ட முடிவு நோக்கற்பாலது. குட்டிகள் முதல் 6 அல்லது 8 வயதினை எட்டியவை வரை அங்குப் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றின் தேய்ந்த பற்கள் மனிதர் உண்டெறிந்த பெரிய எலும்புகளைக் கடித்து வந்தமையைக் காட்டின. மனிதரின் அருகில் அவற்றுள் சில முதுமை கண்டன. இறந்தபின் மனிதரைப் போலவே அடக்கமும் பெற்றன.

ஆடு வளர்ப்போர் வருகையோடு இவ்வுறவு முறிந்தது. மந்தையைக் காக்கவெனத் தலைக்கு விலையும், நஞ்சிட்ட இறைச்சியும், ஈற்றில் வேலியும் வந்தன. ஆட்டுக்குட்டியை இழந்தோர் கண்ட நட்டம் மெய்யானதே. அதனை மறுப்பது நேர்மையாகாது. குவீன்ஸ்லாந்துச் சமவெளியிலிருந்து தென்கடற் பாறைகள் வரை நீளும் அவ்வேலி ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். உலகிற் கட்டப்பட்ட வேலிகளுள் மிக நீண்டவற்றுள் ஒன்று ஒரு நாயினத்தைத் தடுக்க எழுந்தது.

டிங்கோவின் குரல் நீதிமன்றம் ஏறிய வரலாறும் உண்டு. 1980 ஓகஸ்ற் 17 இரவில், உலுறு மலையடிவாரத்துக் கூடாரத்தினின்றும் அசாரியா சேம்பர்லேன் என்ற ஒன்பது வாரக் குழந்தை மறைந்தது. டிங்கோ கொண்டுசென்றதாகத் தாய் லிண்டி கதறினார். அண்மையிற் தங்கியிருந்தோர் சற்றுமுன் உறுமலொலி கேட்டதாகச் சாட்சியம் பகர்ந்தனர். உறுமலே இவ்விலங்கின் தலையாய ஒலி என்பதை மேலே கண்டோம். எனினும் 1982 இல் யூரர் அதனினும் காரிற் கண்டதாகச் சொல்லப்பட்ட குருதியையே பெரிதென நம்பித் தாயைக் கொலையாளி என்றனர். 1986 இல் குழந்தையின் மேற்சட்டை மலையருகே கிடைக்க, அவர் விடுதலை பெற்றார். குருதிச் சான்று நம்பத்தகாதது என விசாரணை ஆணையம் கண்டபின், 1988 இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. குழந்தையை டிங்கோவே கொண்டுசென்றது என மரண விசாரணை அதிகாரி அறுதியாகக் கூறியது 2012 யூன் மாதத்தில். அவ்விரவின் உறுமல் கேட்டு அப்போது ஏறக்குறைய 32 ஆண்டுகள் சென்றிருந்தன; உலுறுப் பாலைவனத்தில் டிங்கோக்களின் தலைமுறைகள் பல தோன்றி மறைந்திருந்தன.