அறைக்குள் வந்த வயலின்கள்

தோழர்களே, ஐரோப்பாவில் அறையிசை என்பது அரண்மனைகளிலும் பிரபுக்களின் கூடங்களிலும் சிலர் அமர்ந்து சிலருக்கு வாசித்தது. கூடம் என்றதுமே நாம் கேட்பது ஒன்றுதான்: வாசலில் நிறுத்தப்பட்டவர் யார்? நம் சபாக்களிடமும் கேட்க வேண்டியது அதுவே.

1986இல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்?' என்ற வாத்திய இசைத் தொகுப்பைத் தந்தார். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கை. முதன்மை வயலின் வி.எஸ்.நரசிம்மன். ஒரு பகுதியின் பெயரே 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. இன்னொன்றில், 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் உள்ள பாக்கின் தனி வயலின் முன்னிசை ஓட, அருகில் நம் ராகச் சாயலோடு வேறு வயலின்கள் எழுகின்றன. ஒன்று மற்றொன்றுக்குப் பக்கவாத்தியம் ஆகவில்லை. கலப்பிசை என்று இதைச் சொல்வது போதாது.

பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கச்சேரி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவருக்கு அந்த அறையின் சாவி எங்கே கிடைத்தது? சென்னையில், தன்ராஜ் மாஸ்டரிடம், ஐந்து கோட்டுக் குறியீட்டில். தாள் குலம் கேட்பதில்லை. (தாளை வைத்திருப்பவர் கேட்கலாம், அது வேறு.) அவரை எந்தப் பட்டியிலும் அடைக்க நாம் வரவில்லை, நம் பேச்சு தாளைப் பற்றியது.

மீஞ்சூரிலிருந்தும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் இங்கே கூடியிருக்கிறோம். சாவுக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று மாறும் பறையின் அடிகளைப் பெரியவர்கள் கைபிடித்துத்தான் சொல்லித் தந்தார்கள். அவற்றை எழுதினால் நால்வர் அமர்ந்து வாசிக்கும் அறையிசையும் ஆக்கலாம். தாளின் தலைப்பில் எழுதியவர் பெயர் வந்துவிடும். அடி தந்தவர் பெயரை எந்த இடத்தில் எழுதுவது? அதை இன்று மாலை அமர்வில் முடிவு செய்துவிட்டுத்தான் கலைய வேண்டும்.