வழிப்போக்கர்க்கு ஓரிரவு: சத்திரம் முதல் தும்பாங்கான் வரை

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள தாப்பா, வழிப்போக்கர்களால் வளர்ந்த பட்டணமாகும். பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைமையிடமான இவ்வூரின் நடுவே ஈப்போவையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலை செல்கிறது. 1893ஆம் ஆண்டில், இன்று தெலுக் இந்தான் என வழங்கும் அந்நாளைய தெலுக் அன்சன் துறைமுகத்தினின்று தாப்பா ரோடு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1903இல் பிறை முதல் சிரம்பான் வரை புகைவண்டி ஓடத் தொடங்கியபோது அந்நிலையம் ஒரு சந்திப்பாயிற்று. பின்னர்க் கேமரன் மலைக்குச் செல்லும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதை தாப்பாவிலிருந்தே வெட்டப்பெற்று, 1931ஆம் ஆண்டு போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

இவ்வாறு துறைமுகத்திலிருந்து வந்தோரும், ஈயச் சுரங்கங்களை நாடியோரும், இரப்பர்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றோரும் கடந்துபோன ஊர் இது. இத்துணைப் பேர் வந்துபோன ஊரில், கைப்பொருள் குறைந்த ஒரு தமிழ்த் தொழிலாளி பொழுது சாய்ந்தபின் வந்திறங்கினால் எங்கே தலைசாய்த்தான்? இவ்வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், ஒரு சமுதாயம் தன் நடுவே வந்த ஏழைப் புதியவனை எவ்வாறு நடத்தியது என்பதை அறிய இதனினும் சிறந்த வினா வேறில்லை. இதற்கு விடை காணத் தமிழகத்தின் பழைய வழக்கத்தினின்றே தொடங்குதல் வேண்டும்.

விருந்து என்னும் சொல்

இக்காலத்தில் விருந்தினர் என்றால் உறவினரும் நண்பருமே நினைவுக்கு வருகின்றனர். பழந்தமிழில் விருந்து என்னும் சொல் புதுமையைக் குறித்தது. அதன்வழி முன்பின் அறியாது புதியவராய் வந்தவரையும் குறித்தது. திருக்குறளில் விருந்தோம்பல் தனியோர் அதிகாரமாக அமைந்தமைக்கும், ஆற்றுப்படை நூல்கள் வறிய பாணனுக்கு வழியில் எவ்வெவர் இல்லத்தில் எவ்வெவ்வுணவு கிட்டும் என்று விரித்துரைத்தமைக்கும் இப்பொருளே அடிப்படை எனலாம்.

சிலப்பதிகாரம் இதற்கு நல்லதொரு சான்று. பொருளிழந்து புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் பாண்டியரின் தலைநகரான மதுரையின் புறத்தே வந்து தங்கினர். பெருவணிகர் குடியிற் பிறந்தவர்களாயினும், அந்நகரில் அவர்கள் அறிமுகம் இல்லாத புதியவர்களே. அவர்களுக்கு அடைக்கலம் அளித்தவள் மாதரி என்னும் ஆயர்குலப் பெண். கவுந்தியடிகளின் சொல்லொன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது, விலை பேசப்படவில்லை.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையோ இன்னும் நெருக்கமானது. அவன் மதுரையில் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, பிச்சையேற்று வந்த உணவைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்ந்தான். மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் பசியோடு சிலர் வழிநடந்து வந்து அவனை வணங்கி நின்றனர். அவர்களுக்கு அளிக்க ஏதுமின்றி அவன் வருந்தியபோதே அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. நள்ளிரவில் வந்து நிற்கும் வழிப்போக்கனின் பசியே அறத்தின் அளவுகோல் என்பது அக்காப்பியம் உணர்த்தும் கருத்தாகும்.

சத்திரங்களின் ஒழுங்கு

காப்பியம் கூறிய அறத்தைப் பிற்கால அரசர்கள் நிறுவனமாக்கினர். 1689 முதல் மதுரையில் ஆட்சிப் பொறுப்பேற்ற இராணி மங்கம்மாள் சாலைகளை அமைத்துச் சத்திரங்களையும் கட்டுவித்தார். மதுரைப் புகைவண்டி நிலையத்தின் எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரைச் சொல்லுகிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்களை நிறுவினர். இரண்டாம் சரபோசி மன்னர் தம் அன்பிற்குரிய முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது.

1799இல் தஞ்சையின் ஆட்சியுரிமை ஆங்கிலேயக் கும்பினியிடம் சென்றது. சத்திரங்களின் வருவாய்க்கு ஊறு நேராதிருக்க வேண்டுமென்று 1801ஆம் ஆண்டில் சரபோசி மன்னர் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு மடல் எழுதினார். அம்மடல் கூறும் செய்திகள் வியப்பளிப்பன. அந்தணர் முதல் பறையர் ஈறாக வந்தோர் அனைவர்க்கும் சோறு அளிக்கப்பட்டது. சமைத்த உணவை விரும்பாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் தரப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உளரேல் வருக என்று அறிவிக்கப்பட்டது. நோயுற்ற வழிப்போக்கர்க்கு மருத்துவரும் மருந்தும் இருந்தன. கருவுற்ற பெண்கள் பேணப்பட்டனர். வழியில் இறந்தவர்க்கு ஈமக்கடன் செய்யப்பட்டது.

ஆசிரியப் பெருமக்கள் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தியும் அதில் ஒன்றுண்டு. சத்திரந்தோறும் ஒரு பள்ளி ஆசிரியர் அமர்த்தப்பட்டிருந்தார். வழியில் பெற்றோரை இழந்த அயலூர்க் குழந்தைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டு, உணவும் உடையும் மருந்தும் பெற்று, விரும்பிய கல்வியைக் கற்றனர். தங்குமிடமும் கல்விக்கூடமும் ஒரே அறத்தின் இரு கிளைகளாக அங்கு விளங்கின.

இதனால் பழங்காலம் குறையற்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. அனைவர்க்கும் உணவு கிடைத்தபோதும் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்று கொள்ள இயலாது. குறிப்பிட்ட சாதியினர்க்கென்றே ஏற்பட்ட சத்திரங்களும் தமிழகத்தில் பல இருந்தன. எனினும், பொருளில்லை என்பதற்காக ஒருவனை வாயிலினின்று திருப்பியனுப்புதல் பழி என்னும் எண்ணம் நிலைத்திருந்தது.

கடல் கடந்தபின்

இவ்வெண்ணம் மலாயாவிற்குக் கடல் கடந்து வந்ததா? வந்தவர் யார் என்பதைப் பொறுத்தே விடை மாறுபடுகிறது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் வழக்கத்தை உடன்கொண்டு வந்தனர். காசியில் தம் இனத்தார்க்கெனச் சத்திரம் அமைத்த அவர்கள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கிகளை ஏற்படுத்தினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் ஒரே கூடத்தில் பல கடைகள் இயங்கின. ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வு மேசையும் ஒரு பெட்டகமுமே இடம். பகலில் கணக்கெழுதிய அதே இடத்தில் இரவில் பாய் விரித்தனர். உணவு பொதுவில் சமைக்கப்பட்டது. சிக்கனமும் ஒழுங்கும் நிறைந்த ஏற்பாடு அது. ஆயின் அது தம்மவர்க்கே உரியது.

ஆங்கிலேய அரசு தன் அலுவலர்க்கென ஓய்வு மாளிகைகளைக் கட்டியது. இந்தியாவில் அஞ்சல் வழிகளில் எழுந்த டாக் பங்களாக்களின் மலாயா வடிவமே இவை. தாப்பா போன்ற மாவட்டத் தலைமையிடங்களில் அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த கூரையுமாக இவை அமைந்தன. இடமிருந்தால் பிறரும் கட்டணம் செலுத்தித் தங்கலாம். அலுவலர் வந்துவிட்டால் அவர்க்கே முதலிடம். விடுதலைக்குப்பின் இவை ரூமா ரேஹாட் என்னும் மலாய்ப் பெயரைப் பெற்றன. இதனினும் உயர்ந்த நிலையில், 1917இல் கட்டி முடிக்கப்பெற்ற ஈப்போ புகைவண்டி நிலையத்தின் மாடியிலேயே ஒரு தங்கும் விடுதி செல்வர்க்கென இயங்கியது.

சீனர்கள் தத்தம் கிளைமொழிச் சங்கங்களின் வழியே புதிதாய் வந்தோர்க்கு இடமளித்தனர். அவர்களுடைய ஈரடுக்குக் கடைவீடுகளின் மேல்மாடிகளில் மலிவான வாடகை அறைகள் தோன்றின. அவற்றின் பெயர்ப்பலகையில் ரூமா தும்பாங்கான் என்று எழுதப்பட்டிருக்கும். கீழே காப்பிக்கடை, முன்னே அஞ்சடி, மேலே பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகள். தடுப்பு கூரையைத் தொடாது. காற்று வரும்பொருட்டு மேற்பகுதியில் கம்பிவலை இருக்கும். அண்டை அறையின் இருமலும் கேட்கும். குளியலறை அனைவர்க்கும் பொது. தண்ணீர்த் தொட்டியும் ஒரு சிறு வாளியுமே அங்குள்ளவை. தும்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பிறரை ஒட்டிச் செல்லுதல், பிறரிடத்தில் ஒதுங்கித் தங்குதல் என்பன பொருள். உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய சொற்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஹௌசா மொழியினர் வழிவணிகர் தங்குமிடத்தைச் சோங்கோ என்றனர். இன்று கானா நாட்டின் தலைநகரான அக்ரா முதலிய நகரங்களில் வெளியூரார் குடியேறி வாழும் பகுதிகளுக்கு அதுவே பெயராயிற்று. வழிப்போக்கன் ஒதுங்கிய இடமே ஊரின் ஒரு பகுதியாகிவிடுதல் எங்கும் காணும் வரலாறாகும்.

சீக்கியர்களின் குருத்துவாராக்களை ஈண்டுச் சிறப்பாகக் குறிப்பிடல் தகும். பேராக் மாநிலத்தில் இவை பலவாகும். இன்னார் இனியார் என வேறுபாடு பாராது ஒரே வரிசையில் அமர்த்தி உணவளிப்பதும், வழிப்போக்கர்க்குத் தங்க இடமளிப்பதும் அவர்கள் மரபு. எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் இப்பெருஞ்செயலை இந்நாட்டில் விடாது போற்றி வந்துள்ளது.

தொழிலாளியின் இரவு

எஞ்சியவன் தோட்டத் தொழிலாளி. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியின் வாயிலாக அவனுடைய கப்பற் செலவு ஏற்கப்பட்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் அவன் தங்கவைக்கப்பட்டான். பினாங்கை அடைந்தபின் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்தான். பின்னர்த் தோட்டத்து லயத்தில் ஓர் அறை அவனுக்குக் கிடைத்தது. இவ்விடங்கள் எதிலும் அவன் வாடகை செலுத்தவில்லை. எதிலும் அவன் விருந்தினனாகவும் இல்லை. எண்ணப்பட்டான், சோதிக்கப்பட்டான், அனுப்பப்பட்டான். நாடிழந்த கோவலனுக்கு மாதரியின் மனை கிடைத்தது. இவனுக்குக் கிடைத்தது முகாம்.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் தம் சொந்தச் செலவில் வந்தவர்கள் உண்டு. 1926இல் கட்டப்பெற்று 1973 வரை இரு கரைகளையும் இணைத்த ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்து, பினாங்கில் இறங்கி, பிறையில் புகைவண்டி ஏறித் தாப்பா ரோடு வந்தவர்க்கு அங்கிருந்து தோட்டத்தை அடைய மேலும் வழியுண்டு. ஆடவர் நாட்கூலி ஐம்பது காசு அளவில் இருந்த 1930ஆம் ஆண்டுகளில், ஓய்வு மாளிகை அவர்கள் எண்ணத்திற்கே எட்டாதது. தும்பாங்கான் அறையும் குடும்பத்தோடு வந்தவனுக்கு எளிதன்று. கோயில் மண்டபமும், நிலையத்து மேடையும், ஊர்க்காரர் ஒருவரின் லயத்துத் திண்ணையுமே அவர்களுக்குத் துணை.

அத்திண்ணைக்கும் தடை இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அயலார் நுழைவைத் தடுக்கும் அதிகாரம் துரையிடம் இருந்தது. 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் இந்நிலை மேலும் இறுகியது. அடையாள அட்டையும் முள்வேலியும் ஊரடங்கும் வாழ்வின் பகுதிகளாயின. புதியவனுக்குச் சோறிடுதல் குற்றமாகக் கருதப்படும் அச்சம் ஒவ்வொரு வீட்டிலும் புகுந்தது. அந்நாளில் பத்தாங் பாடாங் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தஞ்சோங் மாலிமில், 1952 மார்ச்சுத் திங்கள் பன்னிருவர் கொல்லப்பட்டதை அடுத்து, நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதிக்கப்பட்டு அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. விருந்து என்னும் சொல் குறித்த அந்தப் புதியவன், ஐயத்திற்குரியவனாக மாறிய காலம் அது.

இத்தடைகளுக்கு இடையிலும் தோட்டத் தமிழர் புதியவரை அறவே கைவிட்டாரில்லை. ஒரே அறையில் வாழ்ந்த குடும்பம் முன்னறை மூலையில் ஒருவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்தது. ஆயினும் அது தனியார் அன்பாகவே நின்றது. சத்திரம் போன்ற நிலைத்த அமைப்பாக வளரவில்லை. வருவாயும் நிலமும் இல்லாத சமுதாயத்தால் அதனை அமைக்க இயலாமற் போனதில் வியப்பில்லை.

இன்றைய கடன்

காலம் மாறிவிட்டது. தெலுக் இந்தான் கிளைப்பாதை 1989இல் மூடப்பட்டது. 1994இல் நிறைவெய்திய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, ஈப்போவிற்கும் கோலாலம்பூருக்கும் இடையே செல்வோர் தாப்பாவில் இரவு தங்கும் தேவையைப் போக்கிற்று. தாப்பா ரோடு நிலையத்தில் இன்று மின்தொடர்வண்டி நின்று செல்கிறது. கேமரன் மலைக்குச் செல்லும் சுற்றுலாப் பயணியர் கைப்பேசியிலேயே அறை பதிவு செய்துகொள்கின்றனர்.

ஆனால், இரவில் வந்து நிற்கும் எளியவன் மறைந்துவிடவில்லை. நகரத்து மருத்துவமனையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு நடைவழியில் படுக்கும் தாயும், நேர்முகத் தேர்வுக்கு முதல்நாளே வந்து தங்க இடமின்றித் தவிக்கும் மாணவனும் அவ்வழிப்போக்கனின் வழித்தோன்றல்களே. முன்னோர்க்கு இல்லாத வசதி இன்றைய சமுதாயத்துக்கு உண்டு. ஊர்தோறும் கோயில் மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் எழுந்துள்ளன. அவை திருமண நாள்களில் நிறைகின்றன. பிற இரவுகளில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் இரண்டு அறைகளை எளியோர்க்கென ஒதுக்குதல் இயலாத செயலன்று.

விருந்தோம்பல் அதிகாரத்தைப் பொருளுரைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், தம் ஊரின் முதியோரிடம் சென்று, இந்நாட்டில் அவர்கள் கழித்த முதல் இரவு எங்கே என்று வினவிவருமாறு மாணவர்களைப் பணிக்கலாம். எழுதப்படாத ஒரு வரலாறு அவ்விடைகளில் கிடக்கின்றது. கையில் ஏதுமின்றி வந்தவர்க்கு அன்று திண்ணையளித்தவர் யார் என்பதை அறிந்த பிள்ளை, நாளை தன் வாயிலில் நிற்கும் புதியவனை வேறு கண்ணோடு காணும். தஞ்சைச் சத்திரங்களில் நள்ளிரவில் ஒலித்த மணி, இன்னும் உண்ணாதவர் உளரோ என்று கேட்டது. அக்கேள்வியை மறவாத சமுதாயமே விருந்து என்னும் சொல்லுக்கு உரிமையுடையதாகும்.